இயந்திரத்தில் அமர்ந்தவர்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்குகிறவர்களின் கண்ணில் முதலில் படுவன யந்திரங்கள்தாம். அடுக்கடுக்காக வெட்டி இறக்கப்பட்ட செம்மண் சுவர்களும், அவற்றின் ஓரமாகக் கிலோமீட்டர் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ரப்பர் பெல்ட்டுகளும், பெரிய சக்கரமொன்றைத் தன் நீண்ட கையின் நுனியில் ஏந்திக்கொண்டு மண்சுவரை இடமும் வலமுமாக அறுத்துச் செல்லும் அகழ்வு யந்திரமும் சேர்ந்து, மனிதனே இல்லாத ஒரு லோகம் தன்போக்கில் நடந்துகொண்டிருப்பதான பிரமையை உண்டாக்கிவிடுகின்றன. பார்க்க வந்தவர்கள் வியப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், யந்திரத்தின் எடை எத்தனை டன் என்று விசாரிப்பார்கள். அந்தச் சக்கரத்துக்குச் சற்றுத் தூரத்தில், கண்ணாடி பொருத்திய ஒரு கூண்டுக்குள், இரு கைகளையும் பிடிகளின்மேல் வைத்துக்கொண்டு ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதை யாராவது சுட்டிக் காட்டினாலொழிய அவர்கள் கவனிப்பதில்லை. நம் எழுத்தாளர்களின் பார்வையும் பெரும்பாலும் அந்த விளிம்பிலேயே நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம். கரியைப் பற்றியும், மின்சாரத்தைப் பற்றியும், நிலம் இழந்தவர்களின் துயரத்தைப் பற்றியும் எழுதியவர்கள் உண்டு. கூண்டுக்குள் அமர்ந்தவருடைய வேலை எத்தன்மையது, அதில் எவ்வளவு உடல், எவ்வளவு அறிவு, எவ்வளவு மனச்சாட்சி என்பதை எடுத்துக்கொண்டு நிதானமாக யோசித்தவர்கள் மிகச் சிலர்.

தென்னார்க்காட்டின் இந்தப் பகுதியில், 1930-களில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வெளிப்பட்டதென்பதும், பழுப்பு நிலக்கரியின் கதை அங்கிருந்துதான் தொடங்கியதென்பதும் அந்த வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிந்த சரித்திரம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1956-ல், நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957 மே மாதத்தில் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேலே கிடந்த மண்ணையெல்லாம் அகற்றிக் கரியின் முகத்தை முதன்முதலாகக் காண 1961 ஆகஸ்ட் வரை ஆயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெறும் மண்ணையே அள்ளிக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தியில் இந்தத் தொழிலின் சுபாவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு டன் கரியை எடுக்க, அதன்மேல் படிந்து கிடக்கும் ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அப்புறப்படுத்தியாக வேண்டிய இடம் அது. ஆகவே அங்கே ஆபரேட்டராகச் சேருகிற ஒருவர், கரிக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவராயினும், கரியைத் தொடாமலே, மேல்மண்ணை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதிலேயே தம் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிடக் கூடும். ஊர் அவரைக் கரி எடுப்பவர் என்றுதான் சொல்லும். அவர் அறிந்ததோ மண்.

அந்தப் பெரிய யந்திரத்தை அங்கே வேலை செய்கிறவர்கள் பக்கெட் வீல் என்கிறார்கள். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வாளிகள். ஒவ்வொரு வாளியின் உதட்டிலும் எஃகுப் பற்கள். 350 லிட்டர், 700 லிட்டர், 1400 லிட்டர் என்று வாளியின் கொள்ளளவைக் கொண்டே யந்திரத்தை அடையாளம் சொல்வது வழக்கம். சக்கரம் இடையறாது சுழன்றுகொண்டிருக்க, அதைத் தாங்கும் கை இடவலமாகத் திரும்பிக்கொண்டிருக்க, வாளிகள் மண்ணைச் சீவி எடுத்து மேலே வந்து கவிழ்க்கின்றன. கவிழ்ந்த மண் கைக்குள் ஓடும் பெல்ட்டில் விழுந்து, யந்திரத்தின் உடலைக் கடந்து, பெஞ்சு எனப்படும் படித்தட்டின் ஓரமாக ஓடும் கன்வேயரை அடைந்து, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, கடைசியில் வெகுதொலைவில், கரி எடுத்து முடித்த பள்ளத்தின் பக்கமாக நிற்கும் ஸ்ப்ரெடர் என்ற யந்திரத்தின் நுனியிலிருந்து கொட்டப்படுகிறது. இந்தச் சங்கிலியில் எங்கேனும் ஒரு பெல்ட் நின்றால் அதற்குப் பின்னால் உள்ளவை அனைத்தும் நின்றாக வேண்டும். இல்லையேல் மண் குவிந்து பெல்ட்டையே புதைத்துவிடும். மின்சாரத்துக்காகத் தோண்டுகிற இந்த யந்திரம், தடித்த கேபிளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மின்சாரத்தாலேயே இயங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கூண்டில் அமர்ந்தவர் செய்வதென்ன? கையைத் திருப்புவது, உயர்த்துவது, தாழ்த்துவது, யந்திரத்தை அதன் பட்டைச் சக்கரங்களின்மேல் சிறிது முன்னே நகர்த்துவது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் யந்திரம் நேர்முகமாக நோக்கும் திசையில் சக்கரம் அறுக்கும் சீவல் தடிமனாக இருக்கும். கை பக்கவாட்டில் விலக விலக, அதே வேகத்தில் திருப்பிக்கொண்டு போனால், சீவல் மெலிந்துகொண்டே வந்து, ஓரத்தை அடையும்போது வாளிகள் பாதிக்கு மேல் வெறுமையாகச் சுழலும். ஆகவே விலக விலக வேகத்தைக் கூட்ட வேண்டும். திரும்பி வருகையில் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். குறைக்கத் தவறினால் சக்கரம் மண்ணுக்குள் மூழ்கித் திணறும். இதைக் கணிதமாக எழுதினால் ஒரு வரியில் அடங்கும். கையால் செய்யப் பழகுவதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். பிற்காலத்து யந்திரங்களில் இந்த ஏற்றத்தாழ்வைக் கருவியே பார்த்துக்கொள்வதுண்டு. ஆனால் கருவிக்குத் தெரிந்தது கோணம் மட்டுமே. எதிரே நிற்கும் சுவர் எப்படிப்பட்டது என்பதை அது அறியாது.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஆபரேட்டரின் கல்வி முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். இவ்வகை யந்திரங்கள் ஜெர்மனியில், ரைன் நதிப் பிரதேசத்தின் மென்மையான மணலையும் களியையும் அறுப்பதற்காக உருவாகி வளர்ந்தவை. அங்கே அவை அடைந்த வளர்ச்சியின் உச்சத்தை, குருப் நிறுவனம் 1978-ல் ஹம்பாக் சுரங்கத்துக்காகக் கட்டி முடித்த 13,500 டன் எடையுள்ள யந்திரத்தில் காணலாம்; நாளொன்றுக்கு 2,40,000 கன மீட்டர் அளவுக்குத் தோண்ட வல்ல அந்த யந்திரம், 2001-ல், வயல்களையும் சாலைகளையும் கடந்து 22 கிலோமீட்டர் தூரத்திலுள்ள வேறொரு சுரங்கத்துக்குத் தானாகவே நகர்ந்து சென்றது. நெய்வேலியில் எதிர்ப்பட்டதோ கடலூர் மணற்கல். இறுகிய, உராய்ந்து அரிக்கும் குணமுள்ள அந்தக் கல்லில் ஜெர்மானியப் பற்கள் வெகு விரைவில் மழுங்கின, உடைந்தன. பற்களின் உலோகத்தையும் வடிவத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். சுவரில் துளையிட்டு, வெடிவைத்துத் தளர்த்திய பிறகு அறுக்கும் முறையையும் கைக்கொண்டார்கள். இந்த மாற்றங்களைப் பொறியாளர்கள் செய்தார்கள் என்று எழுதுவது வழக்கம், அது உண்மையும்கூட. ஆயினும், எந்த இடத்தில் பல் போகிறது, எந்த ஒலிக்குப் பிறகு போகிறது, எவ்வளவு தளர்த்தினால் சக்கரம் அதிராமல் ஓடுகிறது என்பதையெல்லாம் முதலில் உணர்ந்தது கூண்டுக்குள் இருந்த உடம்புதான்.

ஆழ்துளைகள் போட்டு எடுத்த மண் மாதிரிகளைக் கொண்டு பூகர்ப்ப சாஸ்திரிகள் படம் வரைகிறார்கள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே உள்ள பூமி, அந்தப் படத்தில், அனுமானம். இங்கும் அங்கும் களி இருந்தால் இடையிலும் களிதான் இருக்கும் என்று கோடு இழுக்கிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இடைவெளியை அங்குலம் அங்குலமாகக் கண்டவர் ஆபரேட்டர் ஒருவரே. களிக்கு நடுவே திடீரென்று எழும்பும் கல் வரம்பு, மணலுக்குள் மறைந்து கிடக்கும் நீர்க்கசிவு, கையால் தொட்டால் உதிர்ந்துவிடும் ஒரு படிவம் எல்லாம் அவர் முன்னே ஒரு க்ஷணம் தோன்றி, அறுபட்டு, பெல்ட்டில் விழுந்து, என்றென்றைக்குமாக இல்லாமல் போகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் இருட்டில் இருந்த ஒரு சுவரை முதலும் கடைசியுமாகப் பார்க்கிறவர் அவர். அந்தக் காட்சிக்கு வேறு சாட்சி இல்லை. அதை எழுதி வைக்கும்படி அவரிடம் யாரும் கேட்பதுமில்லை.

பணி நிறைவு பெற்ற ஆபரேட்டர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது, கல் வருவதை எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். சக்கரத்தை ஓட்டும் மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைக் காட்டும் மீட்டர் கூண்டில் இருக்கிறது. கடினமான மண்ணில் அதன் முள் ஏறும். அதைப் பார்த்துத்தான் என்பார் என்று எதிர்பார்த்தேன். "மீட்டர் சொல்றதுக்கு முந்தி சீட்டு சொல்லிடுங்க ஐயா, சீட்டு சொல்றதுக்கு முந்தி காது சொல்லிடும்" என்றார். "புதுசா வர்ற தம்பிங்க மீட்டரைப் பார்த்து ஓட்டுவாங்க. அதுவும் தப்பில்ல. ஆனா முள்ளு ஏறுறப்போ பல்லு போயிருக்கும்." ஏர் பிடித்தவர் கொழு கல்லில் இடறுவதை மேழியைப் பற்றிய உள்ளங்கையில் அறிவதைப்போல, சக்கரத்தின் நுனியில் நிகழ்வதை முதுகெலும்பில் அறிகிற இந்தப் பரிச்சயம்தான் அவருடைய வித்தை. யந்திரம் வந்து மனித உடலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டதென்று சொல்கிறவர்கள் இதை அறியாதவர்கள். தோளும் தொடையும் செய்துவந்த வேலையை அது எடுத்துக்கொண்டது மெய்யே. ஆனால் அதற்கு ஈடாக, எட்டு மணி நேரம் இமைக்காத ஒரு கவனத்தை, காதும் முதுகும் விரலும் ஒன்றுகூடிய ஒரு சிரத்தையை, அது கேட்கிறது. உழைப்பு மறையவில்லை, தசையிலிருந்து பிரக்ஞைக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. வியர்வை தெரியாததனால் அதை உழைப்பென்று மதிக்க நாம் இன்னும் பழகவில்லை.

எந்த உறுப்பினால் அவர் மண்ணை அறிகிறாரோ அந்த உறுப்பையே அந்த வேலை அழிக்கவும் செய்கிறது. சுரங்கங்களில் இரைச்சலுக்கு 85 டெசிபலை எச்சரிக்கை எல்லையென்றும் 90 டெசிபலை அபாய எல்லையென்றும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் வெகுகாலத்துக்கு முன்பே வகுத்திருக்கிறது. காதடைப்பான் அணிய வேண்டும் என்பது விதி; அணிந்தால் கல்லின் முதல் உறுமல் மங்கிப் போகும் என்பது ஆபரேட்டரின் சங்கடம். குளிர்சாதன வசதியுள்ள, கண்ணாடி இறுக மூடிய கூண்டுகள் தூசியையும் இரைச்சலையும் தடுத்துப் பெரிய உபகாரம் செய்திருக்கின்றன. அவற்றை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். நுரையீரலையும் செவியையும் விட ஒரு வாளியின் பல் உயர்ந்ததல்ல. ஆனால் அந்த அமைதிக்குள் அமர்ந்தவர் தம் வித்தையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும், காதில் இருந்ததை மெல்ல மெல்ல இருக்கைக்கும் கண்ணுக்கும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் யாரும் ஒரு சாதனையாகக் குறித்து வைக்கவில்லை.

நம் நாட்டில் ஏற்றம் இறைத்தவனுக்குப் பாட்டு இருந்தது. வண்டி ஓட்டியவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் இருந்தது. முக்கூடற்பள்ளு நெல்வகைகளையும் மாட்டு வகைகளையும் பேர்பேராக அடுக்கிச் சொல்கிறது. உழவனின் அறிவு அப்படிச் செய்யுளுக்குள் ஏறி நிலைத்துவிட்டது. சுரங்க யந்திரத்தின் அருகே பாட்டுக்கு இடமில்லை. அங்கே ஹாரன் ஒலி உண்டு. கை சமிக்ஞை உண்டு. வாக்கி டாக்கியில் துண்டு துண்டான சொற்கள் உண்டு. ஒருவர் பாடினாலும் பக்கத்தில் உள்ளவருக்குக் கேளாது. கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவர் இருப்பதே அரிது. உழைப்பு கூட்டத்திலிருந்து பிரிந்து தனியொருவனின் கூண்டுக்குள் போய்விட்டபோது, அந்த உழைப்பின் அறிவு வாய்மொழியாகக் கைமாறுகிற வழியும் ஒடுங்கிவிட்டது. இருந்தாலும் முழுவதும் அற்றுவிடவில்லை. மூத்தவரின் அருகே நின்று பார்த்துப் பழகும் இளையவரிடம், ஷிப்ட் மாறுகிற அந்தச் சில நிமிஷங்களில், முன்னவர் பின்னவரிடம் சொல்லிவிட்டுப் போகிற "வலப்பக்கம் நாலாவது கட்ல கல்லு இருக்குப்பா, பாத்துப் போ" என்ற ஒரு வாக்கியத்தில், அது இன்னமும் உயிரோடு இருக்கிறது.

மூன்று ஷிப்டுகளாக இரவு பகல் ஓயாது நடக்கிற வேலை இது. மூன்றிலும் கடினமானது இரவு ஷிப்ட் என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. விளக்கொளியில் மண்ணின் நிறம் பொய் சொல்லும். பகலில் செம்மைக்கும் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு கண்டறிந்ததை, இரவில் ஒலியைக் கொண்டே கண்டறிய வேண்டும். விடியலுக்கு முந்தைய நேரத்தில், கை ஒரே தாளகதியில் போய் வருகையில், உறக்கம் என்பது கண்ணை மூடிக்கொண்டு வருவதில்லை; திறந்த கண்ணோடேயே வருகிறது. டம்பர் ஓட்டுகிறவருக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். அவர் சரிவில் ஏறி இறங்குகிறார், அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்பது அவருக்கு முழுவதும் தெரிவதில்லை. கன்வேயர் வரிசையைப் பெயர்த்துப் புதிய இடத்துக்கு நகர்த்தும் டோசர்காரர்களும் பைப் லேயர்காரர்களும் செய்வது மற்றொரு வகை நுட்பம்: நெடுந்தூரம் நீண்டு கிடக்கும் இரும்புச் சட்டத்தை, எங்கும் முறுக்காமல், ஓட்டத்தோடு ஓட்டமாகச் சிறிது சிறிதாக ஒதுக்க வேண்டும். 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும், அதன்கீழ் எழுந்த விதிகளும், வேலை நேரத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் தொழிற்பயிற்சிக்கும் வரம்பு கட்டின. அவை எளிதில் கிடைத்தவை அல்ல. எத்தனையோ சாவுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட வரிகள் அவை. நிரந்தர ஊழியருக்கு அத்தகைய வரம்புகள் பொருந்துகிற அளவு முழுமையாக, ஒப்பந்தக்காரரின் கீழ் தினக்கூலிக்கு யந்திரம் ஓட்டுகிறவருக்கும் பொருந்துகின்றனவா என்று கேட்டுப் பார்க்கிறவர்கள் மனநிறைவோடு திரும்புவதில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிப்படிவத்துக்கு அடியில், மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும் நிலத்தடி நீர் அடைபட்டிருக்கிறது. அந்த அழுத்தத்தைத் தணிக்காமல் கரியை எடுத்தால் சுரங்கத்தின் தளமே பிளந்து நீர் பீறிடும். ஆகையால் சுற்றிலும் குழாய்க்கிணறுகள் இட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் கிணறுகளின் நீர்மட்டம் இதனால் தாழ்ந்துபோயிற்றென்று சுற்றுவட்டார விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். மேலிருந்து வருவதோ வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் களிமண் வாளியை விட்டு விழ மறுக்கும். பெல்ட் மாறும் இடங்களில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். யந்திரம் நிற்கும் தரையே இளகும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தை நிலைகுலையச் செய்த மழையைப் போன்றதொன்று வரும்போது, கூண்டில் இருப்பவருடைய முதல் எண்ணம் எவ்வளவு தோண்டலாம் என்பதல்ல, யந்திரத்தை எந்தத் தரையில் நிறுத்தினால் அது சாயாமல் இருக்கும் என்பதே.

தமிழர்களுக்குச் சுரங்கம் புதிதல்ல. வடஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன தலைமுறைகள், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, பாறையின் வெப்பத்தில் துளையிட்டு வாழ்ந்தார்கள். 2001-ல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது ஒரு சமூகத்தின் ஜீவனமே மூடப்பட்டது. அங்கே மனிதன் பூமிக்குள் போனான். நெய்வேலியில் பூமியே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. கோலாரின் உழைப்பாளி மறைந்திருந்தார். நெய்வேலியின் ஆபரேட்டர் வெட்டவெளியில், சூரியனுக்கு நேரே இருந்தும் தென்படாதவராக இருக்கிறார். இந்த இரண்டாவது வகை மறைவு எனக்கு அதிகக் கவலை தருகிறது.

அந்த மறைவு எவ்வளவு ஆழமானது என்பதை 2023 ஜூலையில் கண்டோம். சுரங்கத்துக்காகத் திருப்பப்படும் பரவனாற்றின் மாற்றுப் பாதைக்கான கால்வாய்ப் பணிக்காக, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், நெற்பயிர் பச்சையாக நின்ற வயல்களுக்குள் மண்வாரி யந்திரங்கள் இறங்கின. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்று ஒரு தரப்பும், அறுவடைக்குச் சில வாரம் பொறுக்கலாகாதா என்று மற்றத் தரப்பும் வாதிட்டன. பயிரின்மேல் யந்திரம் ஏறிய படங்களைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. பார்த்தவர்களின் கண் கலங்கியது நியாயமே, என் கண்ணும் கலங்கியது. ஆனால் அந்தப் படங்களில் யந்திரம் இருந்தது, பயிர் இருந்தது, காவலர்கள் இருந்தார்கள். பிடியைப் பற்றியிருந்தவரின் முகத்தை யாரும் தேடவில்லை. அவர் யார்? நம் கிராமங்களில் மண்வாரி ஓட்டும் இளைஞர்களில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பூட்டை அடிக்கும் பருவத்துப் பயிர் எப்படி இருக்குமென்பது அவர்களுக்குத் தெரியும். முடிவெடுத்தவர்கள் அலுவலகங்களில் இருந்தார்கள். நீதி கேட்டவர்கள் வரப்பில் நின்றார்கள். செயல் மட்டும் அவருடைய விரல்களில் வந்து சேர்ந்தது. அதிகாரம் ஏதும் இல்லாதவனிடம் செயலை மட்டும் ஒப்படைப்பது எல்லாக் காலத்திலும் உலகம் செய்துவந்த அநீதிதான். யந்திரம் அதைப் பல மடங்கு பெருக்கியிருக்கிறது; முன்பு நூறு பேர் கூடி அழிக்க வேண்டியிருந்ததை இப்போது ஒருவரைக் கொண்டு அழித்துவிடலாம்; நூறு பேரில் பத்துப் பேராவது மண்வெட்டியைக் கீழே போட்டிருப்பார்கள். அந்த ஒருவர் மறுத்தால் அவருடைய இருக்கையில் மாலைக்குள் இன்னொருவர் இருப்பார். ஆகையால் அவரைப் பழிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லையென்று விட்டுவிடுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. மறுக்கும் உரிமையை, ஆபத்து இருக்கும்போது மட்டுமல்லாது அதர்மம் இருக்கும்போதும் பிடியிலிருந்து கையை எடுக்கும் உரிமையை, அவருக்கு யாராவது பெற்றுத் தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்குள் அந்த இருக்கையே காலியாகிவிடலாம். ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதி இரும்புச் சுரங்கங்களில் ரியோ டின்டோ நிறுவனம் 2008-லேயே ஆளில்லா லாரிகளைப் பரீட்சிக்கத் தொடங்கிற்று. இன்று அங்கே ஓடும் அத்தகைய லாரிகளைச் சுமார் 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், பெர்த் நகரத்தில் திரைகளின் முன் அமர்ந்தவர்கள் கண்காணிக்கிறார்கள். புழுதியும் அதிர்வும் இரவுத் தூக்கமும் சரிவில் புரளும் மரணமும் ஒழிகின்றன என்றால் அதை எதிர்க்க மனிதத் தன்மையுள்ள எவராலும் இயலாது. எனக்குள்ள விசாரம் வேறு. அந்த யந்திரங்களுக்கு எதைக் கற்பிப்பார்கள்? மீட்டரின் முள் எழுதிய எண்களைக் கற்பிப்பார்கள். அவை பத்திரமாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. முள் ஏறுவதற்கு முன்னால் காது சொன்னதை எந்த ஏட்டிலிருந்து எடுப்பார்கள்? முதல் தலைமுறை ஆபரேட்டர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் நெய்வேலி நகரியத்துக்கு வெளியே சிறு வீடுகளில், கேட்கும் திறன் குறைந்த செவிகளோடு, பேரப்பிள்ளைகளுக்கு நடுவே இருக்கிறார்கள். ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் உள்ள சில இளைஞர்கள் ஓராண்டு செலவிட்டால், கடலூர் மணற்கல்லைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சாஸ்திரம் தமிழில் கிடைத்துவிடும்.

கடைசியாக ஸ்ப்ரெடரைப் பற்றி. வெட்டுகிற முனைக்கு எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள். கொட்டுகிற முனைக்கு யாரும் போவதில்லை. அங்கேயும் ஒரு கூண்டு இருக்கிறது, ஒருவர் அமர்ந்திருக்கிறார். எத்தனை நூறு அடி ஆழத்திலிருந்து வந்தாலும் எல்லா மண்ணும் அவர் வழியாகத்தான் மறுபடி பூமியாகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக வேரும் புழுவும் இலைச்சருகும் சேர்ந்து பக்குவப்படுத்திய மேற்பரப்பு மண் அடியில் போய்விட்டு, வெயிலையே கண்டிராத மண் மேலே வந்துவிட்டால், அந்த மேட்டில் புல் முளைக்கவும் நெடுங்காலம் ஆகும். மேற்பரப்பைத் தனியே வெட்டித் தனியே கொண்டுவந்து, கடைசி அடுக்காக இட்டால், நிலம் சீக்கிரம் எழுந்திருக்கும். நெய்வேலியின் பழைய மண்மேடுகளில் மரங்கள் வளர்ந்து காடாகியிருக்கின்றன; சில இடங்களில் பயிரும் விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே முடியாததன்று. பெல்ட்டில் வந்துவிழும் மண்ணின் நிறத்தைப் பார்த்தே அது எந்தப் பெஞ்சிலிருந்து வருகிறதென்று சொல்லக்கூடியவர் அந்தக் கூண்டில் இருக்கிறார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலையோ வருவதை வாங்கி, மேடு சரியாதபடி கொட்டுவது. வெட்டிய மண்ணுக்குக் கன மீட்டர் கணக்கும் அதற்கேற்ற பாராட்டும் உண்டு. என் வசத்தில் இருந்தால், ஸ்ப்ரெடர் கூண்டிலும் ஓர் ஏட்டை வைத்து, இந்தத் தேதியில், இந்த வரிசையில், இந்த மண்ணைக் கடைசியாக மேலே இட்டேன் என்று அவரைக் கொண்டே எழுதிக் கையெழுத்திடச் செய்வேன். அந்த மேடு என்றைக்காவது உழவருக்குத் திரும்பிக் கொடுக்கப்படும்போது, பட்டாவோடு அந்த ஏட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுக்கும்படி விதி செய்வேன்.